அந்த 25,600 டிபிஐ மவுஸ் வேண்டாம், தங்கச்சி

கேள்வி: அண்ணா, நான் வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண அல்பங்களுக்கு ரீடச், அதாவது படங்களைக் கணினியில் திருத்தி மெருகேற்றும் வேலை, செய்கிறேன். இரவில் வீட்டிலும் லப்டொப்பில் இதே வேலைதான். முடி, நெற்றிச்சுட்டி, சேலைக்கரை என்று சுற்றி வெட்டும்போது கர்சர் நான் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. சரியான இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தாலும் கிளிக் பண்ணும் நேரத்தில் ஒரு துளி நகர்ந்துவிடுகிறது. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கேட்டேன். 25,600 டிபிஐ கேமிங் மவுஸ் எடுத்தால் எல்லாம் சரியாகும் என்றார்கள். விலை என் அரை மாதச் சம்பளம். அத்தான் மவுஸே வேண்டாம், பேனாவால் தீட்டும் பலகை, பென் டப்லெட், வாங்கு என்கிறார். நான் இடக்கைக்காரி. வீட்டு மேசை கண்ணாடி போட்டது. இப்போது மணிக்கட்டும் நோகத் தொடங்கிவிட்டது. எதை வாங்க? – வாசகி, கொழும்பு 6.

அன்புள்ள தங்கச்சி,

அரை மாதச் சம்பளத்தை அந்த மவுஸில் போடாதீர்கள். உங்களுடைய சிக்கலுக்கு மருந்து அதில் இல்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கண்ணாடி மேசை என்று, அதிலிருந்து தொடங்குகிறேன்.

மவுஸின் அடியில் இருப்பது ஒரு சின்னஞ்சிறு கமரா, சென்சர் என்பார்கள். கீழே ஒளியைப் பாய்ச்சி, மேசைப் பரப்பை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அந்தப் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் எவ்வளவு தள்ளிப் போயிருக்கின்றன என்று பார்த்துத்தான் உங்கள் கை நகர்ந்த தூரத்தைக் கணக்கிடும். தெளிந்த கண்ணாடியில் அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. நம் ஸ்டூடியோக்களில் செய்வதுபோல் கண்ணாடிக்குக் கீழே மாதிரிப் படங்களும் கலண்டரும் வைத்திருந்தால் இன்னும் மோசம். கண்ணாடியின் மேலுள்ள தூசி ஒரு ஆழத்தில், கீழேயுள்ள படம் இன்னொரு ஆழத்தில். சென்சர் எதைப் படிப்பது என்று தடுமாறும். கர்சர் துள்ளும், சில இடத்தில் நின்று நின்று நகரும். கண்ணாடியிலும் ஓடுகிற மவுஸ்கள் இருக்கின்றன. லொஜிடெக்கின் டார்க்ஃபீல்ட் சென்சர் 4 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் தடித்த கண்ணாடியில் வேலை செய்யும். ஆனால் ஓடுவது வேறு, நெற்றிச்சுட்டியின் ஓரத்தில் ஒரு பிக்சலில் நிறுத்துவது வேறு.

ஆகவே முதல் செலவு ஒரு துணி மவுஸ் பாட். ஒரே நிறம், படம் எதுவும் அச்சிடாதது, அகலம் 30 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். கொழும்பின் ஈரக்காற்றில் துணி பாட் மெல்ல ஈரத்தையும் கை வியர்வையையும் இழுத்துக்கொள்ளும்; சில மாதங்களில் மவுஸ் கனமாக நகர்வதுபோல் தோன்றும். மவுஸைக் குறை சொல்லாமல் பாட்டைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்தது காசே வேண்டாத வேலை. விண்டோஸின் கொன்ட்ரோல் பனலில் மவுஸ் என்ற பகுதிக்குப் போய், பொயின்டர் ஒப்ஷன்ஸ் பக்கத்தைத் திறங்கள். அங்கே ‘என்ஹான்ஸ் பொயின்டர் பிரிசிஷன்’ என்று ஒரு பெட்டியில் சரி போட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, கையை வேகமாக நகர்த்தினால் கர்சர் அதிக தூரம் போகும். அதே தூரத்தை மெதுவாக நகர்த்தினால் குறைவாகப் போகும். மெயில் பார்க்கவும் கணக்கு எழுதவும் அது வசதிதான். ரீடச் வேலை அப்படியல்ல. உங்கள் கை, ‘இவ்வளவு நகர்த்தினால் இவ்வளவு போகும்’ என்று பழகவேண்டும். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு கணக்கு என்றால் கைக்கு எந்தக் கணக்கும் படியாது. அதே பக்கத்திலுள்ள வேக அளவைச் சரி நடுவில் வையுங்கள். மொத்தம் 11 படி, நடுப்படி ஆறாவது. அந்தப் படியில்தான் மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு அசைவும் கூடாமல் குறையாமல் கர்சருக்குப் போய்ச் சேரும். முதல் இரண்டு நாள் கை அந்நியமாக உணரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 25,600 என்ற எண்.

டிபிஐ என்பது மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது கணினிக்கு எத்தனை சிறு அசைவு என்று எண்ணிச் சொல்கிறது என்பது, அவ்வளவுதான். 800 டிபிஐயில், மேலே சொன்ன நடுப்படி அமைப்போடு, ஓர் அங்குலம் நகர்த்தினால் கர்சர் 800 பிக்சல் போகும். உங்கள் லப்டொப் திரை 1920 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 2.4 அங்குலம், ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் கை நகரவேண்டும். 25,600இல் அதே திரையைக் கடக்க 2 மில்லிமீற்றர்கூட வேண்டாம். விரல் நடுக்கமே கர்சரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதைத் தாங்கமுடியாமல் எல்லாரும் வேகத்தைக் குறைத்துத்தான் வைத்துக்கொள்வார்கள். காசு கொடுத்து வாங்கிய நுணுக்கத்தை விண்டோஸ் திரும்ப வெட்டி எறிந்துவிடும். செட்டியார் தெரு நகைக்கடைத் தராசு மில்லிகிராம் வரை காட்டலாம். மேலே மின்விசிறி சுழன்றால் கடைசி இலக்கத்தை யார் நம்புவது? சென்சர் எவ்வளவு நுணுக்கமாக எண்ணினாலும் உங்கள் கையின் நுணுக்கம்தான் எல்லை. துப்பாக்கி விளையாட்டுகளைத் தொழிலாக ஆடுபவர்களே பெரும்பாலும் 400க்கும் 1600க்கும் இடையில்தான் வைத்து ஆடுகிறார்கள்.

நீங்கள் 800இல் தொடங்குங்கள். போட்டோஷொப்பின் பென் டூலால் ஓரத்தில் புள்ளி புள்ளியாகப் பாதை போடும்போது 400க்கு இறக்குங்கள். அதனால் மவுஸ் வாங்கும்போது கேட்கவேண்டியது ‘எவ்வளவு உயரம் போகும்’ என்பதல்ல, ‘எவ்வளவு கீழே இறங்கும், நடுவில் ஒரு பட்டனால் மாற்றலாமா’ என்பதுதான். ஸ்டூடியோவில் 4கே மொனிட்டர் இருந்தால் அங்கே 1600 வையுங்கள். திரையின் அகலத்தில் பிக்சல் இரட்டிப்பு என்பதால் கைக்கு அதே 6 சென்ரிமீற்றர் கிடைக்கும். வீட்டிலும் வேலையிலும் கை ஒரே பழக்கத்தில் இருப்பது பெரிய நிம்மதி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். படத்தை 200 சதவீதம் பெருப்பித்தால், படத்தின் ஒரு பிக்சல் திரையில் இரண்டு பிக்சல் அகலமாகும். கை இரு மடங்கு நகர்ந்தால்தான் அதே தூரம். அதாவது எந்த மவுஸிலும் நுணுக்கம் இரட்டிப்பாகிறது, இலவசமாக. அவசரத்தில் 50 சதவீதத்தில் வைத்துக்கொண்டு சேலைக்கரையை வெட்டும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு எந்த மவுஸ் கொடுத்தாலும் கரை கடித்ததுபோல்தான் வரும்.

கிளிக் பண்ணும்போது நகர்கிறது என்றீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிக கவலை தந்தது அதுதான். ஏனென்றால் அதற்கு டிபிஐயோடு சம்பந்தமே இல்லை. பட்டன் கடினமாக இருந்து, விரல் நேரே கீழே அழுத்தாமல் சாய்வாகத் தள்ளினால் மவுஸின் உடம்பும் சேர்ந்து அசையும். நீங்கள் இடக்கைக்காரி. கணினியோடு வந்த மவுஸ் வலக்கைக்கு வளைத்துச் செய்ததாக இருந்தால், உங்கள் பெருவிரலுக்கு அதில் இடமே இருக்காது, பிடி நழுவும், சுட்டுவிரல் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில்தான் அழுத்தும். உங்கள் நகர்வுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். மணிக்கட்டு வலிக்கும் இதில் பங்கு உண்டு.

ஆகவே உங்களுக்கு வேண்டியது இரு பக்கமும் ஒரே வடிவான மவுஸ். பட்டன்கள் மேலோட்டிலிருந்து தனித்து நிற்கவேண்டும், லேசாகத் தொட்டால் அமுங்கவேண்டும். எடை 80 முதல் 100 கிராம் எனக்குப் பிடிக்கும்: விரல் தொட்டதற்கே நகராத அளவு கனம், நாள் முழுக்கத் தூக்கி வைக்கக் கை சலிக்காத அளவு லேசு. லொஜிடெக் ஜி102 இந்தக் கணக்கில் வரும். வயர் உள்ளது, 85 கிராம், 200இலிருந்து 8000 டிபிஐ வரை. வயர் வேண்டாம் என்றால் ஜி304. ஒரு ஏஏ பற்றரியோடு 99 கிராம். இரண்டும் கேமிங் என்று பெயர் போட்டு விற்பவைதான், ஆனால் அந்த வரிசையில் விலை குறைந்தவை. இரண்டிலும் ஒரு குறை உண்டு: பக்கப் பட்டன்கள் இடப்பக்கத்தில் மட்டும் இருக்கும். இடக்கையில் பிடித்தால் அவை மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே வரும், தெரியாமல் அமுங்கும். அதற்குரிய மென்பொருளில் அவற்றைச் செயலற்றதாக்கிவிடுங்கள்.

படத்தொழிலில் பலர் புகழும் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் மவுஸ் நல்ல சாமான்தான். லைட்ரூம் மென்பொருளில் நாள்கணக்காகப் படம் தெரிவு செய்பவருக்கு அதன் பெருவிரல் சக்கரம் அருமை. ஆனால் அது வலக்கைக்கு மட்டுமே செய்தது, எடையும் 141 கிராம். உங்களுக்கு இல்லை. கை நோவென்றால் நிமிர்ந்து நிற்கும் மவுஸ் எடுக்கச் சொல்வார்கள். லொஜிடெக் லிஃப்ட் இடக்கை வடிவிலும் வருகிறது. மணிக்கட்டுக்கு அது சுகம். ஆனால் அதைப் பிடித்தால் நுணுக்க அசைவு விரலிலிருந்து முன்கைக்குப் போய்விடும். அல்பம் அடுக்க, கணக்குப் பார்க்க நல்லது. முடியோரம் வெட்ட நான் அதைத் தொடமாட்டேன்.

வயரா, வயர்லெஸ்ஸா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. வயர்லெஸ் எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தச் சின்ன ரிசீவர் 2.4 கிகாஹேர்ட்ஸில் பேசுகிறது, யுஎஸ்பி 3 துறைகளும் அவற்றில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். கல்யாணப் படங்களை வெளி டிஸ்க்கிலிருந்து கொப்பி பண்ணும் நேரம் பார்த்து கர்சர் திக்கினால் காரணம் அதுதான். ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரிசீவரை மவுஸ் பாட்டின் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது.

யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கப் போகிறீர்கள் என்றால், பெட்டியில் எழுதியதைப் படிக்காமல், பார்வைக்கு வைத்திருக்கும் ஒன்றை இடக்கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக் கணினியில் பெயின்டைத் திறக்கச் சொல்லுங்கள். மிக மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்தின் மேலும் கீழும் தட்டையாக, நேர்கோடாக வந்தால் அந்த மவுஸ் உங்கள் கையைத் ‘திருத்துகிறது’. சில மவுஸ்களில் அப்படியொரு வசதியைச் சேர்த்திருப்பார்கள். மென்பொருளில் அதை நிறுத்த முடியாவிட்டால் வாங்கவேண்டாம்; கன்னத்தின் வளைவை அது படிக்கட்டாக்கும். பிறகு ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து முறை புள்ளி வையுங்கள். புள்ளி பரவினால் கிளிக் உங்கள் கைக்குச் சரியில்லை. மவுஸைத் தூக்கித் திரும்ப வையுங்கள். தூக்கும்போது கர்சர் ஓடினால் அதுவும் குறைதான், ரீடச் செய்பவர்கள் மவுஸைத் தூக்கித் தூக்கித்தான் வைப்போம். உத்தரவாதம் ஏஜென்டுடையதா கடையுடையதா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

மெத்தென்ற ரப்பர் பூச்சுப் பூசிய மவுஸ் கையில் சுகமாக இருக்கும், ஆசைப்படவேண்டாம். நம் ஊர் ஈரத்தில் அந்தப் பூச்சு இரண்டு மூன்று வருடத்தில் பிசுபிசுத்துவிடும், துடைக்கத் துடைக்கக் கையில் ஒட்டும். வெறும் பிளாஸ்டிக் போதும். ஒரு கிளிக்கை இரண்டாக எண்ணத் தொடங்கும் வியாதியும் உண்டு. உள்ளேயிருக்கும் சின்ன ஸ்விட்சின் தகடு தேய்வதாலோ கறுத்துப்போவதாலோ வருவது. பென் டூலில் ஒரு இடத்தில் இரண்டு புள்ளி விழுந்தால் கையைச் சந்தேகிக்காதீர்கள், மவுஸை உத்தரவாதத்துக்குக் கொண்டுபோங்கள்.

அத்தானின் யோசனைக்கு வருகிறேன். அவர் பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் முக்கியம்.

நீங்கள் செய்யும் வேலையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, நகை, சேலைக்கரை, மணவறைத் தூண் போன்ற தெளிவான ஓரங்களை வெட்டுவது. புள்ளி வைத்து, வளைத்து, அடுத்த புள்ளி. இதற்கு மவுஸ்தான் உறுதி. கையை எடுத்தாலும் கர்சர் அங்கேயே நிற்கும், தட்டும்போது பேனாமுனை வழுக்குவதுபோல் வழுக்காது. விழுந்த புள்ளியை அம்புக்குறி விசையால் துளித்துளியாகத் தள்ளியும் சரிசெய்யலாம். மற்றது, மணப்பெண்ணின் முகத்தில் ஒளியும் நிழலும் ஏற்றி இறக்குவது, மாஸ்க்கில் (படத்தின் எந்தப் பகுதி தெரியவேண்டும் என்று குறிக்கும் மறைப்பில்) முடியிழைகளைத் தீட்டுவது, தோலைச் சீராக்குவது. இதற்கு அழுத்தம் வேண்டும். மெல்லத் தொட்டால் மெலிதாக, அழுத்தினால் அடர்த்தியாக விழவேண்டும். மவுஸுக்கு அழுத்தம் தெரியாது. பட்டன் அமுங்கியது அல்லது அமுங்காதது, இரண்டே நிலை. அதனால்தான் மவுஸால் மட்டும் தோல் வேலை செய்த முகங்கள் மெழுகு பூசியதுபோல் வந்துவிடுகின்றன. நம் பெண்களின் மாநிறத்தைச் சாம்பலாக வெளுக்கவிடும் அல்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்தக் குற்றத்தில் பாதி, கனத்த பிரஷை ஒரே அடியில் போடுவதால் வருவது. பேனா வரும்வரை பிரஷின் ‘ஃப்ளோ’வை, அதாவது ஒரு தடவலில் விழும் நிறத்தின் அளவை, 5 சதவீதத்துக்கு இறக்கி, பல தடவை தடவித் தடவி ஏற்றுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் தோல் தோலாகவே இருக்கும்.

டப்லெட் வாங்கும்போது பெரியது நல்லது என்று நினைக்கவேண்டாம். வேக்கொம் இன்டூவொஸ் சிறியதில் பேனா ஓடும் இடம் 152க்கு 95 மில்லிமீற்றர், 4096 அழுத்த நிலைகள். அந்த 152 மில்லிமீற்றரில் உங்கள் லப்டொப்பின் 1920 பிக்சல் அடங்கும்போது, ஒரு மில்லிமீற்றருக்கு 12, 13 பிக்சல். 800 டிபிஐ மவுஸில் அதே ஒரு மில்லிமீற்றருக்கு 31 பிக்சல் ஓடும். ஆக, சிறிய டப்லெட்டே உங்கள் திரைக்கு மவுஸைவிட நிதானம். ஸ்டூடியோவின் 4கே மொனிட்டரில் அது மில்லிமீற்றருக்கு 25 ஆகிவிடும். அங்கேதான் நடுத்தர அளவு தேவைப்படும். ஹூயன், எக்ஸ்பி-பென் ஆகியவையும் பாருங்கள், கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும். கடைக்காரர் சொன்ன அந்த ஒரு மவுஸின் விலையில் வயர் மவுஸ், துணி பாட், சிறிய டப்லெட் மூன்றுமே அடங்கிவிடக்கூடும். விலை டொலரோடு ஏறி இறங்குவதால் நான் எண் எழுதவில்லை, இரண்டு மூன்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

இடக்கை என்பது இந்த வேலையில் குறையே அல்ல. பிரஷைப் பெருப்பிக்கவும் சுருக்கவும் உதவும் சதுர அடைப்புக்குறி விசைகள், அம்புக்குறிகள், என்டர் எல்லாம் வலப்பக்கத்தில் உங்கள் சும்மா இருக்கும் கைக்குக் கீழேயே கிடக்கின்றன. வலக்கைக்காரர்கள் அதற்கு மவுஸை விட்டுவிட்டு எட்டவேண்டும். இடப்பக்க மூலையில் கிடக்கும் விசைகளை மட்டும் போட்டோஷொப்பின் எடிட் பட்டியலில் உள்ள கீபோர்ட் ஷோர்ட்கட்ஸ் வழியாக வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பட்டன்கள் இடப்பக்க ஓரத்தில் உள்ள டப்லெட் என்றால், நிறுவும்போது இடக்கை என்று தெரிவு செய்து, பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் பட்டன்கள் கையில் இடிக்காது.

மணிக்கட்டு. மேசையின் கண்ணாடி ஓரத்தில் கை அழுந்துகிறதா என்று இன்றே பாருங்கள். முழங்கை மடங்கி முன்கை மேசையில் படுத்திருக்கவேண்டும், மணிக்கட்டு மேலே வளையக்கூடாது. கதிரை தாழ்வென்றால் தலையணை போட்டாவது உயருங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையை எடுங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போவது, இரவில் அந்த மரப்பால் விழிப்பு வருவது என்று ஏதாவது இருந்தால் மவுஸ் கடைக்கு முன் டொக்டரிடம் போங்கள். அந்த நரம்புச் சிக்கலை ஆரம்பத்திலேயே பார்த்தால் எளிதில் சமாளிக்கலாம். தள்ளிப்போட்டால் பிடிமானமே குறையும், நம் தொழிலுக்குக் கைதான் முதல்.

வாங்கும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே பாட்டும் விண்டோஸ் மாற்றமும். பழைய மவுஸோடேயே ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள், துள்ளல் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்துவிடும். கிளிக் நகர்வு அப்படியே இருந்தால் இரு பக்கமும் ஒத்த மவுஸ். டப்லெட்டை மட்டும் கல்யாண மாதத்தின் நடுவில் வாங்காதீர்கள். பேனா கைக்குப் படிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அந்த நாட்களில் வேலை மெதுவாகும், வாடிக்கையாளர் காத்திருக்கமாட்டார். ஆடியில் நம் கல்யாணங்கள் ஓயும், ஸ்டூடியோவும் ஓயும். அப்போது வாங்கி, முடித்துக் கொடுத்த பழைய அல்பம் ஒன்றின் பிரதியை எடுத்துக்கொண்டு, முகத்தின் ஒளி நிழல் வேலையை மட்டும் பேனாவால் திரும்பச் செய்யுங்கள். வெட்டும் வேலைக்கு அந்த நாட்களிலும் மவுஸையே வைத்திருங்கள்.